போண்டாவும் பொதுவாக ஏற்கப்பட்ட நடைமுறையும்

ஆடிட்டர்கள் மாதாமாதம் ஸ்டடி சர்க்கிளில் கூடுவது படிப்பதற்காக என்றுதான் அவர்கள் வீட்டில் நம்புகிறார்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகளைக் கவனித்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். பழைய வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவையே எடுத்துக்கொள்வோம். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பணத்தை எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் தர வேண்டும். தவறினால், பணம் கைமாறிய ஆண்டில்தான் அது செலவுக் கணக்கில் ஏறும். பேச்சாளர் இதை ஸ்லைடு ஸ்லைடாக விளக்கி முடித்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு கை எழும்: “அதெல்லாம் சரி சார், வியாபாரிகிட்ட வாங்கின சரக்குக்கும் இதைப் போடுறீங்களா?” ‘போடணுமா’ என்று கேட்கவில்லை பாருங்கள், ‘போடுறீங்களா’. ஸ்டடி சர்க்கிளின் மொத்த ரகசியமும் அந்த விகுதியில் இருக்கிறது. தப்பே ஆனாலும் தனியாகச் செய்துவிடக் கூடாது, அதற்குத்தான் கூட்டம்.

இதைக் கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சட்டமே இதற்கு இடம் தருகிறது. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, பொதுவாக ஏற்கப்பட்ட தணிக்கை நடைமுறையிலிருந்து பெரிதாக விலகிவிட்டு அதைச் சுட்டிக்காட்டாமல் விடுவது தொழில்முறை ஒழுங்கீனம். பொதுவாக ஏற்றது யார், எங்கே உட்கார்ந்து ஏற்றார்கள்? தணிக்கைத் தரநிலைகள் அச்சிலேயே இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. எத்தனை ரூபாய் பிசகினால் அது முக்கியமான பிசகு என்று 320ஆம் தரநிலையிடம் கேட்டால், உம் விவேகப்படி முடிவு செய்யும் என்று பந்தைத் திருப்பிப் போடுகிறது. விவேகத்தைத் தனியாக வைத்துக்கொண்டு யார் நிம்மதியாகத் தூங்குவது? இடைவேளையில், அந்த வியாபாரி சரக்குக் கேள்விக்கு, மூத்தவர் ஒருவர் போண்டாவைச் சட்னியில் தோய்த்தபடி “நாங்க போடுறதில்ல” என்கிறார். சுற்றி நிற்கும் நாலு பேர் தலையாட்டுகிறார்கள். ஒரு நடைமுறை பொதுவாக ஏற்கப்பட்டாயிற்று.

சி.பி.ஈ. எனும் தொடர்கல்வி மணிக்காகத்தான் வருகிறார்கள் என்பது வழக்கமான ஏளனம். தொழில் நடத்தும் அறுபது வயதுக்குட்பட்ட உறுப்பினர் மூன்று ஆண்டில் 120 மணி சேர்த்தாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நன்றியுரை முடிந்து, மணிக்கணக்கும் முடிந்த பிறகு, ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலில் அரைமணி நேரம் நிற்கிறார்களே, அதற்கு எந்த சி.பி.ஈ.யும் கிடையாது. அன்றைய கூட்டத்திலேயே உருப்படியான பகுதி அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாரும் சேர்ந்து தப்பு செய்தால் எல்லாருக்கும் நோட்டீஸ் வராதா என்பது நியாயமான கேள்வி. வரும். ஆனால் ஒருவர் தடுமாறினால் அபராதம், ஊரே தடுமாறினால் கெடு நீட்டிப்பு. 2025இல் ஜூலை 31 என்றிருந்த ரிட்டர்ன் கெடு செப்டம்பர் 15 ஆகி, கடைசி நேரத்தில் 16ஆகவும் ஆயிற்று. போதாக்குறைக்கு 2026 ஏப்ரல் முதல் 536 பிரிவுகளோடு புது வருமான வரிச் சட்டம் வந்து, பழைய பிரிவு எண்களை எல்லாம் கலைத்துப் போட்டிருக்கிறது. போண்டாவைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லி வைப்பது நல்லது.