ஹௌராவில் டிராம் ஓடிய காலம்

எண்பதுகளில் சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் போய் இறங்கியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது ஆறும் அல்ல, கல்கத்தாவும் அல்ல, வானத்தை மறித்து நிற்கும் அந்தப் பாலம்தான். பெட்டியும் படுக்கையுமாக டிராமில் இடம்பிடித்து உட்கார்ந்தால், அது மணியடித்தபடியே கைவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும். அந்த நிதானத்தில், ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாகப் புடைத்து நிற்கும் ரிவெட் தலைகளையும், அவற்றின்மேல் பூச்சுக்குமேல் பூச்சாக ஏறியிருந்த வெள்ளிநிறப் பெயின்ட்டையும் ஆசைதீரப் பார்க்கலாம்.

அதற்கும் முந்தைய தலைமுறை கடந்தது, 1874-இல் பிராட்ஃபோர்டு லெஸ்லி அமைத்த மிதவைப் பாலத்தை. கப்பல் வந்தால் நடுப்பகுதியை விலக்கி வழிவிட, சாலைப் போக்குவரத்து கரையிலேயே காத்துக்கிடக்கும். புதிய பாலத்தில் அந்தத் தொல்லையே இல்லை. நடு ஆற்றில் ஒரு தூண்கூடக் கிடையாது. இரு கரைகளிலும் 280 அடி உயரக் கோபுரங்கள், அவற்றிலிருந்து ஆற்றின் மேல் 468 அடிக்கு நீளும் இரண்டு கேன்டிலீவர் கைகள், அவை கவிழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கரைப்பக்கக் கைகள், நடுவில் இரு நுனிகளும் சேர்ந்து ஏந்தும் 564 அடிச் சட்டம்: ஆக 1500 அடி. நாம் போகும் சாலையோ இத்தனைக்கும் கீழே, தொங்கு கம்பங்களில் ஊஞ்சல் பலகைபோல மாட்டப்பட்டிருக்கிறது.

போர்க்காலத்தில் வேலை நடந்ததால், 26,500 டன் எஃகில் 23,000 டன்னை ஜாம்ஷெட்பூரின் டாடா ஆலையே கொடுத்தது. ஜப்பானிய விமானங்களுக்குப் பயந்து, 1943 பிப்ரவரியில் விழா ஏதுமின்றித் திறந்தார்கள். முதலில் கடந்தது ஒரு தனி டிராம். அந்த டிராமையே, பாலத்துக்குச் சுமை கூடுகிறது என்று 1993-இல் நிறுத்திவிட்டார்கள். காரணம் நியாயமானதுதான், ஆனாலும் மனம் ஆறவில்லை.

இப்போது மெட்ரோ ரயில் ஆற்றுக்கு அடியில் 45 விநாடிகளில் கடந்துவிடுகிறது. அலுவலகம் போகிறவர்களுக்கு அது பெரிய வரம். முட்டிமோதிப் பேருந்தில் தொங்கியவன் என்பதால் மனதார வாழ்த்துகிறேன். ஆனால் சுரங்கத்தின் இருட்டில் ஆறும் தெரிவதில்லை, பாலமும் தெரிவதில்லை. குண்டுக்குத் தப்பிய பாலத்தின் தொங்கு கம்பங்களை, நடந்துபோகிறவர்கள் துப்பிய வெற்றிலைச்சாறு அடியில் அரித்து, கடைசியில் அவற்றுக்கு ஃபைபர் கண்ணாடி உறை போடவேண்டி வந்தது. நின்று நிமிர்ந்து பார்த்தவன் எவனும் அதன்மேல் துப்பியிருக்கமாட்டான் என்றே நம்புகிறேன்.

பாலத்தைக் கட்டியவர்கள் இருபுறமும் 15 அடி அகலத்துக்கு நடைபாதை விட்டிருக்கிறார்கள். கொல்கத்தா போனால், அவசரமில்லாத ஒரு காலையில், மல்லிக் காட் பூச்சந்தைப் பக்கமாக ஏறி அதில் நடந்து பாருங்கள். டிராம் எங்களுக்குக் கொடுத்த நிதானத்தை உங்கள் கால்களும் கொடுக்கும்.