பஸ்ஸ உட்டுட்டீங்களா சாமி?

வத்தல்மலைக்குச் சைக்கிளில் ஏறப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்ததிலிருந்து ஏறிய நாள் வரைக்கும் நான் அனுபவித்த சுகம், ஏறிய அன்று கிடைக்கவில்லை. ஏறினால் முழங்கால் வலிக்கும். ஏறப் போகிறவனுக்கு எதுவும் வலிப்பதில்லை. மரியாதை மட்டும் கூடுகிறது.

தருமபுரியிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டரில், கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது மலை. கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்குக் குறையாது. சரியாக எத்தனை என்பதில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். மூச்சிரைத்துக்கொண்டே எண்ணியவர்களிடம் கணக்கு கேட்கக் கூடாது.

முதலில் ஒரு நோட்டு வாங்கினேன். மூன்று நிறப் பேனாவில் அட்டவணை போட்டேன். உடற்பயிற்சி நீல மை, உணவு பச்சை மை, ஓய்வு சிவப்பு மை. கொஞ்ச நாளில் சிவப்பு மை தீர்ந்து போனது. காலையில் ராகிக் களி என்று எழுதியிருந்தேன். தருமபுரிக்காரனுக்குக் களி புதிதில்லைதான், ஆனால் அதையே 'பயிற்சி உணவு' என்று சொல்லிச் சாப்பிட்டபோது இரண்டு உருண்டை கூடுதலாக இறங்கியது.

பிறகு அந்தக் கால்சட்டை. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்றே உட்காரும் இடத்தில் ஸ்பாஞ்ச் வைத்து, தொடையோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி தைத்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இதோடவா தெருவுல எறங்கப் போறீங்க?"

"காத்து தடுக்காம இருக்கும்."

"காத்து தடுக்காது. நாய்ங்க தடுக்கும்."

மேலே வேட்டி கட்டிக்கொண்டு இறங்குவது என்று சமரசம் ஆயிற்று.

ஏரிக்கரையைச் சுற்றுவேன், ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்குவேன். டீக்கடையில் நிறுத்திக் கியர் பற்றி விளக்குவேன். முன்னால் இருக்கிற பல்சக்கரம் சின்னதாகவும் பின்னால் இருப்பது பெரிதாகவும் இருந்தால் மேடு லேசாகும் என்பதை நான் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்றால், டீ மாஸ்டரே அடுத்தவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கிளம்பும் தேதியும் நோட்டில் இருந்தது. ஆடியில் எதிர்காற்று. ஐப்பசியில் மழை. தை பிறந்தால் கல்யாணங்கள். சித்திரையில் வெயில். எல்லாம் நியாயமான காரணங்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போட நோட்டு அழகாகிக்கொண்டே வந்தது.

நிஜமாகக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் மலைக்கு மேலே இருக்கிறார்கள். காப்பிக் கன்று வைத்தால் கண்ணால் ஒரு பழம் பார்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். கோடை மழை ஒன்று விழுந்தால்தான் பூக்கும். அந்தப் பூ பழமாகிச் சிவக்க எட்டு ஒன்பது மாதம். பறித்து, வாசலில் காயப்போட்டு, தோல் நீக்கி, வறுத்து, அரைத்த பிறகுதான் நம் டம்ளருக்கு வரும். பக்கத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். அதுவும் காய்க்கச் சில ஆண்டு எடுத்துக்கொள்ளும். பெரியூர், பால்சிலம்பு பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்கள் இதற்காக மூன்று நிற மையில் அட்டவணை எதுவும் போட்டதாகத் தெரியவில்லை. அரசுப் பேருந்து அந்த மலையில் ஏறியதே நாடு விடுதலை அடைந்து எழுபது ஆண்டு தாண்டித்தான். அவர்கள் காத்திருப்புக்கு முன்னால் என் நோட்டை எடுத்து வைக்கவே கூச்சமாக இருந்தது. கூச்சம் தாங்காமல் ஒரு மார்கழி விடியலில் கிளம்பியேவிட்டேன்.

ஏறியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதி வழி நான் சைக்கிள் மேல். மீதி வழி சைக்கிள் என்னோடு. ஒரு வளைவில் மூட்டையோடு என்னைத் தாண்டிய பெரியவர் நின்று, மிகுந்த இரக்கத்தோடு கேட்டார்:

"பஸ்ஸ உட்டுட்டீங்களா சாமி?"

மேலே போய்ச் சேர்ந்து ஒரு கடுங்காப்பி குடித்தேன். அதன் ருசியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம், ஆசிரியர் விடமாட்டார்.

கீழே வந்த மறுநாள் ஒரு கிலோ லட்டு வாங்கித் தெருவில் கொடுத்தேன். "பொண்ணுக்கு முடிஞ்சிடுச்சா?" என்றார் எதிர்வீட்டம்மா. "பேரன் பொறந்துட்டானா?" என்றார் அடுத்த வீட்டுக்காரர். சைக்கிளில் மலையேறினேன் என்றதும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னலாமா கூடாதா என்று யோசித்தார். ஒரு பிளெக்ஸ் போடலாம் என்று போனால், கடைப் பையனோ, "என்ன விசேஷம்னு போடட்டும் சார்? கட்சியா, காதுகுத்தா?" என்றான். தனி ஆள் தானாகச் சாதித்ததற்கு அவனிடம் டிசைனே இல்லை.

பெருமையைச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதில் எங்கள் ஊருக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. அப்போது தகடூராக இருந்த இந்த ஊரை ஆண்ட அதியமான், மலைப் பிளவில் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியை, அதன் பெருமையை வாய்விட்டுச் சொல்லாமல் ஔவையிடம் கொடுத்ததாகப் புறநானூறு சொல்கிறது. சொல்லாமல் இருந்தது அவன் பெருந்தன்மை. அவனுக்குப் பாட ஔவை இருந்தாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? நானேதான் சொல்லியாக வேண்டும்.

ஏறியவன் பெயரை மலையே சொல்கிற இடமும் உண்டு. பிரான்ஸில் ஆல்ப் துவெஸ் என்று ஒரு மலைப்பாதை, 21 வளைவு. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் முதன்முதலில் அங்கே ஏறியது 1952இல். ஜெயித்தவர் இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி. இப்போது வளைவுக்கு வளைவு பலகை, அதில் ஜெயித்தவர்களின் பெயர். எண்கள் அடிவாரத்தில் 21இல் தொடங்கி மேலே போகப் போகக் குறையும். ஏறுகிறவன் மனசு தெரிந்த யாரோ வைத்த பலகைகள்.

மாவட்ட நிர்வாகம் வத்தல்மலையிலும் இப்படி வைக்க வேண்டும். பெயருக்குப் பஞ்சமே இல்லை. சாலை இல்லாத காலத்தில் உப்பும் அரிசியும் தலையில் சுமந்து ஏறியவர்கள், நோயாளியைத் தோளில் தூக்கி இறங்கியவர்கள், முதல் காப்பிக் கன்றை நட்டவர், முதல் பேருந்தை ஓட்டிக் காட்டியவர். எல்லார் பெயரும் எழுதி முடித்து, கடைசிப் பலகையில் ஒரு ஓரம் காலியாக இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். பெயின்ட் செலவு என்னுடையது.