ஒன்பது குழி போதாதாம்

மொன்றியலில் எங்கள் ஆட்கள் பொங்கல் விழா வைத்தால், குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன் இப்போது ஒரு புதுச் சடங்கு சேர்ந்திருக்கிறது. ஒருவர் மேடையேறி, நாம் கூடியிருக்கும் இந்த மண் யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படாத மண், இதன் காவலர்கள் கனியென்கெஹாகா மக்கள் என்று பவ்வியமாக அறிக்கை வாசிப்பார். போன முறை வாசிக்க வந்தவர் எனக்குப் பக்கத்துக் கதிரை. பெயர் அவருக்கு வாயில் நுழையவில்லை. "தம்பி, இதைத் தமிழிலை ஒருக்கா எழுதித் தாரும்" என்று கடைச் சீட்டொன்றை நீட்டினார். முன்பக்கத்தில் கத்தரிக்காய் ஐந்து கிலோ, வெற்றிலை இரண்டு கட்டு. பின்பக்கத்தில் ஒரு இனத்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அட்சரம் பிசகாமல் வாசித்தார். கைதட்டல். பிறகு விளக்கு, பரதம், வடை.

வடை நேரத்தில் கேட்டேன்: "அண்ணை, எப்ப திருப்பிக் குடுக்கப் போறியள்?"

"எதை?"

"காணியை."

"உமக்கென்ன விசரே? போன மாசம்தான் மோர்ட்கேஜ் புதுப்பிச்சனான்."

எனக்கும் மோர்ட்கேஜ் இருக்கிறது. அதனால் வாயை மூடிக்கொண்டு அடுத்த வடையை எடுத்தேன். கனடா அரசுக்கு அந்தளவு வெட்கமும் கிடையாது. 2007 செப்டெம்பர் 13 அன்று பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனம் ஐ.நா. பொதுச்சபைக்கு வந்தபோது, எதிர்த்துக் கை தூக்கிய நாடுகள் நான்கே நான்கு: அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. நாலு பேரும் வந்து குந்திய காணிக்காரர். அடுத்த வருடம் அதே செப்டெம்பரில் கனடா சிம்பாப்வே மீது பொருளாதாரத் தடை விதித்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த வருடத் தேர்தலில் சிம்பாப்வே ஜனாதிபதி முகாபேயின் ஆட்கள் எதிர்க்கட்சிக்காரரை அடித்தார்கள், கொன்றார்கள். ஆனால் மேற்குலகின் இரக்கம் எப்போது விழித்தது என்று நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். 1983 முதல் 1987 வரை முகாபேயின் ஐந்தாம் படையணி மாதபெலேலாந்தில் ஆயிரக்கணக்கான நதபெலே மக்களைக் கொன்று புதைத்தது. அதற்குத் தண்டனையாக 1994இல் பிரித்தானிய அரசி அவருக்குக் கௌரவ வீரப்பட்டம் சூட்டினார். 2000ஆம் ஆண்டு வெள்ளைக்காரப் பண்ணைகளின் வேலி பிடுங்கப்பட்டது. 2001 டிசெம்பரில் அமெரிக்காவின் சட்டம் வந்துவிட்டது, 2002இல் ஐரோப்பாவின் தடை வந்துவிட்டது. பட்டத்தைப் பிடுங்க மட்டும் 2008 வரை ஆனது. மனிதர்கள் செத்ததற்கு மாலை, கதிகால் சாய்ந்ததற்குத் தடை.

அந்த வேலியை யார் போட்டது? 1918இல் பேரரசின் கடைசிக் கோடான லண்டன் பிரிவிக் கவுன்சில் ஒரு தீர்ப்புச் சொன்னது: தெற்கு ரொடீசியாவில், அதாவது இன்றைய சிம்பாப்வேயில், எவருக்கும் கொடுக்கப்படாத நிலமெல்லாம் பிரித்தானிய முடிக்குச் சொந்தம். அங்கே பிறந்து உழுது செத்தவர்களுக்குச் சொத்துரிமை என்றால் என்னவென்றே விளங்காதாம். 1930இல் நாட்டை இனவாரியாகப் பங்குபோடும் சட்டம் வந்தது. நல்ல மண் வெள்ளையருக்கு, மிச்சம் மற்றவருக்கு. 1979இல் லான்காஸ்டர் மாளிகையில் விடுதலைக்குப் பேரம் பேசியபோது போட்ட நிபந்தனை இன்னும் ருசியானது. பத்து வருடத்துக்கு, விற்க விரும்புகிறவனிடம் மட்டும்தான் நிலம் வாங்கலாம். உங்கள் வீட்டுக்குள் வந்து சப்பாத்தோடு கட்டிலில் படுத்தவன், மனம் வந்தால், அவன் சொல்லும் விலைக்கு, உங்கள் வீட்டை உங்களுக்கே விற்பான். 1997இல் சிம்பாப்வே நிலம் வாங்கப் பணம் கேட்டபோது பிரித்தானிய அமைச்சர் கிளேர் ஷோர்ட் கடிதம் எழுதினார்: எங்களுக்கு விசேட பொறுப்பு ஒன்றுமில்லை, என் பூர்வீகம் அயர்லாந்து, நாங்களும் அடக்கப்பட்டவர்கள்தான் என்ற தொனியில். கொள்ளுப்பாட்டனை மாற்றினால் கடன் தீரும் என்று எங்கள் ஊர்ச் சீட்டுக்காரருக்குத் தெரியாமல் போய்விட்டதே!

முகாபேக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் காணி கிடைத்தது உண்மை. அமைச்சரும் தளபதியும் கொழுத்த பண்ணைகளைத் தங்கள் பேருக்கு எழுதிக்கொண்டதும் உண்மை. பணத்தை அடித்து அடித்து 2009 ஜனவரியில் நூறு டிரில்லியன் டொலர் நோட்டு விட்டார்கள். ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சைபர். அதற்கும் தடைதான் காரணம் என்று சொன்ன நாக்குக்கு எலும்பில்லை. அந்த மாதங்களில் கொலரா 4,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தடைப்பட்டியலின் தலைப்பேரான முகாபே வைத்தியத்துக்குச் சிங்கப்பூர் பறந்துகொண்டிருந்தார். கடைசியில் 2019இல், 95 வயதில், அங்கே ஒரு ஆசுபத்திரிக் கட்டிலில்தான் கண்ணை மூடினார்.

சரி, மொன்றியலுக்கு வருவோம். இந்தத் தீவே ஒருகாலத்தில் சுல்பீசியன் என்ற கத்தோலிக்கக் குருமாரின் ஆட்சிக் காணி. 1717இல் பிரெஞ்சு அரசு இரண்டு மலை ஏரிக் கரையையும் அதே குருமாருக்குக் கொடுத்தது. கனியென்கெஹாகா மக்களை, வெள்ளைக்காரர் வாயில் மோஹோக் மக்களை, அங்கே கனசாதாகேயில் கொண்டுபோய்க் குடியிருத்தினார்கள். மக்கள் அது தங்கள் காணி என்று நினைத்தார்கள். பத்திரம் சாமிமாரின் பெட்டிக்குள் இருந்தது. வழக்கு ஏறி ஏறி 1912இல் லண்டன் போனது. எந்தக் கோடு? அதே பிரிவிக் கவுன்சில். என்ன தீர்ப்பு? காணி சாமிமாருக்கு. ஆறு வருடம் கழித்து ரொடீசியாவுக்கு எழுதப்போகும் தீர்ப்புக்குக் கனசாதாகேயில் கை பழகியிருக்கிறார்கள். வேலிக் கதிகாலை இரவோடிரவாக ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டுப் பரம்பரை பரம்பரையாக வழக்காடும் யாழ்ப்பாணத்தானுக்கே இது பெரிய பாடம். கதிகாலைத் தள்ள வேண்டாம், கோட்டையே உன்னுடையதாக வைத்திரு.

1990இல் கனசாதாகேயை ஒட்டிய ஓகா நகரசபைக்கு ஒரு குறை வந்தது. அங்கிருந்த கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது குழிதான். கனவான்களுக்கு ஒன்பது குழி போதாதாம், பதினெட்டு வேண்டுமாம். மோஹோக் பாட்டன்மார் மணலைப் பிடித்து நிறுத்த நட்ட பைன் காட்டை வெட்டி, அவர்களின் சுடலை ஓரம்வரை புல் விரிக்கத் திட்டம். பிணத்துக்கு வெட்டிய குழிக்குப் பக்கத்தில் பந்துக்கு ஒரு குழி. மக்கள் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். ஜூலை 11 விடியற்காலை கியூபெக் பொலிஸ் கண்ணீர்ப்புகையோடு புகுந்தது. சூட்டில் ஒரு பொலிஸ்காரர் செத்தார். பிறகு கவச வாகனங்களோடு இராணுவம். 78 நாள். அகிம்சையும் அமைதிப்படையும் என்று உலகமெங்கும் பேர் வாங்கிய கனடா, ஒன்பது புல் குழிக்காக!

நான் சொல்ல வந்தது இதற்குள்தான் இருக்கிறது. அந்தக் கோடையில் கனசாதாகேக்கும் இன்னொரு மோஹோக் ஊரான கானவாகேக்கும் போன சாப்பாட்டுச் சாமானையும் மருந்தையும் காவலரண்களில் மறித்தார்கள். உணவும் மருந்தும் தடையின்றிப் போகலாம் என்பதற்கே ஆகஸ்ட் 12 அன்று அமைச்சர்கள் கையெழுத்திட்டு ஒரு ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. பால்மாவுக்கு ஒப்பந்தம்! ஆகஸ்ட் 28 அன்று கானவாகேயிலிருந்து கிழவரையும் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மெர்சியே பாலத்தால் வந்த கார்களை லசாலில் ஒரு கூட்டம் கல்லால் எறிந்தது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. எறிந்தவர்கள் வீடு திரும்பிய கார்களின் இலக்கத் தகட்டில் இந்த மாகாணத்தின் மகுட வாசகம் பொறித்திருந்தது: எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கும் நினைவிருக்கிறது. அதே 1990 ஜூன் நடுப்பகுதியில், யுத்தம் மூண்டதும், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதே வருடம் இலங்கையின் வடக்குக்கு அரசின் பொருளாதாரத் தடை வந்தது. எனக்குப் பதினாறு வயது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, சவர்க்காரம் இல்லை. பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி, இருமி இருமிக் கிளம்பியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் விரற்கடை எண்ணெயையும் வைத்து, அந்தப் பொட்டு வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தம்பி பெடலைச் சுற்றுவான். டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி வரும். அவன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார். தடைக்குக் காரணம் புலிகளாம். எந்தப் புலி இருட்டில் படித்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மாதான் இருட்டில் சமைத்தார்.

ஆகவே "பொருளாதாரத் தடை" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நீதி ஞாபகம் வராது, மண்ணெண்ணெய் மணம்தான் வரும். 2023 ஜனவரியில் கனடா ராஜபக்ச சகோதரர் இருவர் உட்பட நான்கு பேருக்குத் தடை விதித்தபோது இங்கே இனிப்புக் கொடுத்தார்கள். நானும் ஒரு லட்டு தின்றேன். பொய் சொல்லக்கூடாது, இனித்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து பதின்மூன்றரை வருடம் கழித்து, அந்த இருவரில் ஒருவரான கோட்டாபய நாட்டைவிட்டு ஓடி, சிங்கப்பூரிலிருந்து பதவி விலகி அரை வருடம் கழித்து, கனடாவில் அவர்களுக்கு இருக்கிற சொத்தை முடக்கினார்கள். இருந்தால். சிங்கப்பூருக்கு இந்த உலகம் என்ன கைம்மாறு செய்யப்போகிறதோ!

நாங்கள் ஓடியபின் இராணுவம் பிடித்து வைத்திருந்த வலிகாமம் வடக்கின் மயிலிட்டித் துறைமுகம் 27 வருடம் கழித்து 2017இல் திரும்பி வந்தது. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் உல்லாச விடுதி நடத்தி அறை வாடகை வாங்கியது. அங்கே விடுதி, இங்கே கோல்ஃப். பறித்த காணியில் ஆமிக்காரனும் கனவானும் முதலில் தேடுவது ஓய்வைத்தான். பாவம், எவ்வளவு களைப்பு!

சிம்பாப்வே அரசு 2020 ஜூலையில் வெள்ளைப் பண்ணையாருக்கு 350 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு தருவதாகக் கையெழுத்திட்டது. நிலத்துக்கு அல்ல, அதில் அவர்கள் கட்டிய கொட்டகைக்கும் வெட்டிய கிணற்றுக்கும். களவெடுத்த வீட்டுக்கு வெள்ளையடித்த கூலி. மொன்றியலிலும் திருத்தம் நடக்காமல் இல்லை: 2017இல் நகரக் கொடியில் ஒரு வெண்பைன் மரத்தைச் சேர்த்தார்கள். கொடியில் மரம் வந்துவிட்டது. 1717இன் காணிக்கணக்குக்குப் பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.

வாற கோடையில் ஓகா ஏரிக்கரைக்குக் கோழி வாட்டப் போகிறவர்கள், அடுப்பு அணைந்ததும் 344ஆம் வீதியில் ஊரைத் தாண்டி மேற்கே கொஞ்சம் ஓட்டுங்கள். காடு இன்னும் நிற்கிறது. அறிக்கை வாசிக்கும் அண்ணையையும் கூட்டிப் போய், அங்குள்ள மோஹோக் சனத்துக்கு முன்னால் அதை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். பெயர் மறந்திருந்தால் கத்தரிக்காய்ச் சீட்டின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.