பூட்டு ஊரில் மூடாத பெட்டி

பத்தாயிரம் ரூபாய்க்குள் பழைய கம்ப்யூட்டரில் ஜிடிஏ ஃபைவ் ஓட்டுவது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் விடுவேன். அதற்கு முன் முந்தாநாள் வந்த பார்சலைப் பற்றி ஒரு வார்த்தை.

உள்ளே ஜிடிஎக்ஸ் 750 டிஐ. 2014இல் வந்த கார்டு, யாரோ ஆண்டு அனுபவித்தது. 60 வாட்தான் தின்னும், தனியாகக் கரண்டு வயர் கேட்காது. என் 240 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இதைவிட நல்ல வரன் அமையாது. பத்துப் பொருத்தமும் பார்த்தேன், உயரம் பார்க்கவில்லை. என்னுடையது ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டிய ஒல்லிக் கேபினெட். கார்டு நுழைகிற வாய் 8 சென்டிமீட்டர். கார்டின் தகடு 12.

"அளந்து பாத்து வாங்க மாட்டியாடா?" என்றாள் அம்மா, ஜாக்கெட் துணிக்குக் கேட்கிற அதே குரலில்.

தகட்டைக் கழற்றினேன், பின்பக்கத் தகரத்தைக் கட்டிங் பிளேயரால் வளைத்தேன், சொருகினேன். திரையில் படம் வந்தது. மூடிதான் மூடவில்லை.

அந்த மூடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் சுவரில் சாய்ந்து நின்றது. மறுநாள் காலை அதில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மத்தியானம் அக்கா மகன் அதை ஸ்டம்பாக நட்டான். சாயங்காலம் கொசுவர்த்திக்குத் தட்டு. இன்று மொட்டை மாடியில் கூழ்வடகம் காய்கிறது. கரி பூசிய தகரம், சூடு நன்றாக ஏறுகிறதாம். கம்ப்யூட்டரில் முழு நேரம் வேலை பார்க்கிற ஒரே பாகம் அதுதான். பெட்டியோ வாயைப் பிளந்தபடி டேபிள் ஃபேனைப் பார்த்துக் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "ரிப்பேரா?" என்கிறார்கள். ஒரு பல்லி ராமுக்கும் ராமுக்கும் நடுவில் குடிவரப் பார்க்கிறது. 2019இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. நாகல் நகர்ப் பக்கம் போனால் மாங்காய்ப் பூட்டு கிடைக்கும். அதை எதில் போய்ப் பூட்டுவேன்?

வேறு கேபினெட் வாங்கினால் இந்த மதர்போர்டு அதில் உட்காராது. வேறு மதர்போர்டு என்றால் 2011ஆம் வருடத்து ஐ5-2400ஐ யார் மதிப்பார்கள்? கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை வளர்த்த சாமியார் கடைசியில் கல்யாணம் பண்ணிக்கொண்ட கதைதான். விண்டோஸ் 11 வேறு எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் முறைப்படி உள்ளே விடாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியே காரியம் முடிந்துவிட்டது.

"ஒரே ஒரு கார்டு போடுங்க ப்ரோ, ராக்கெட்டு" என்று வீடியோவில் சொன்ன தம்பியின் பெட்டி கண்ணாடி வைத்த பீரோ அளவு இருந்தது. ஸ்கேலை ஒரு தடவை காட்டியிருந்தால் குறைந்தா போயிருப்பான்? ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் முன்பே தலையாட்டியவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

பத்தாயிரத்துக் கணக்குக்கு வருகிறேன். அது எங்கேயோ தாண்டிப் போயிற்று, அம்மாவுக்குத் தெரியாது. மாடியில் கார் மேகம். ஓடிப்போய், "மூடியையாவது குடும்மா, பெட்டி மேல சும்மா வெச்சுக்கிறேன்" என்றேன்.

"இன்னும் ரெண்டு வெயில் காயணும்டா" என்றாள்.