கூட்டல் தெரிந்த குற்றவாளி

ஏதென்ஸின் வடக்குப் புறநகர்களில் காசுள்ளவர்கள் குடியிருக்கிறார்கள். வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் வரிப் படிவத்தில் சொல்லியாக வேண்டும். சொன்னவர்கள் 324 பேர். வரித்துறை வானத்திலிருந்து எடுத்த படங்களை விரித்து எண்ணியது: 16,974 குளங்கள்! செய்தி பரவியதும் சிலர் கடைக்கு ஓடினார்கள், குளத்தை மூடத் தார்ப்பாய் வாங்க. பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதெல்லாம் ஏழைகளின் வித்தை.

வீட்டுக்காரர்களை மட்டும் ஏசி என்ன பயன்? தார்ப்பாய் போடக் கற்றுக்கொடுத்ததே கிரேக்க அரசுதான். 2001-இல் யூரோவுக்குள் நுழைந்த கையோடு, கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியுடன் ஓர் ஒப்பந்தம் போட்டு ஏறத்தாழ 280 கோடி யூரோ கடனைக் கணக்கிலிருந்து மறைத்தது. 2009 வசந்தத்தில் பட்ஜெட் பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.7 சதவீதம் என்றார்கள். அக்டோபரில் ஆட்சி மாறியது; எண் 12.5 ஆனது. ஆறு மாதத்தில் முருங்கைமரம்கூட இப்படி வளராது. 2010 ஏப்ரலில் பிரதமர் பாப்பாண்ட்ரு, கஸ்தலோரிசோ தீவில் அழகான நீலக் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியில் உதவி கேட்டார். பிச்சை கேட்கவும் ஒரு லொகேஷன் பார்த்திருக்கிறார்கள்.

மே மாதம் 11,000 கோடி யூரோ கடனுக்கு ஒப்பந்தமானது. வந்ததில் பெரும்பங்கு பழைய கடன்காரர்களிடமே திரும்பிப் போனது. பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டன.

அதே ஆண்டு பிரான்ஸின் நிதியமைச்சர் லகார்ட், சுவிஸ் வங்கியில் பணம் வைத்திருக்கும் சுமார் 2,000 கிரேக்கர்களின் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். குறுந்தகடு தொலைந்துபோனது. பென் டிரைவில் இருந்த நகலில் அன்றைய கிரேக்க நிதியமைச்சரின் உறவினர்கள் மூவரின் பெயர் மட்டும் காணவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வக்செவானிஸ் என்ற பத்திரிகையாளர் பட்டியலை அச்சிட்டார். போலீஸ் மின்னல் வேகத்தில் பாய்ந்தது, அவரைக் கைதுசெய்ய! நீதிமன்றம் அவரை விடுவித்தது. பட்டியலைத் திருத்திய அமைச்சருக்கு 2015-இல் ஓராண்டுத் தண்டனை கிடைத்தது, அதையும் நிறுத்திவைத்தார்கள்.

இவர்கள் தின்றதற்கு இலை எடுத்தவர்கள் வேறு. 2012-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586-க்கு இறங்கியது. அந்த ஏப்ரலில், நாடாளுமன்றத்துக்கு எதிரே சின்தக்மா சதுக்கத்தில், ஓய்வுபெற்ற 77 வயது மருந்துக் கடைக்காரர் ஒருவர் தன்னைச் சுட்டுக்கொண்டார். குப்பைத்தொட்டியில் சோறு தேடும் நிலைக்கு வருமுன் போகிறேன் என்று சட்டைப்பையில் சீட்டு. அவர் மருந்து விற்றார், ஓய்வூதியத்துக்குப் பணமும் கட்டினார். அவரிடம் மறைக்கக் குளம் இல்லை.

சரி, இவ்வளவுக்கும் யாரையாவது தண்டிக்க வேண்டாமா? தண்டித்தார்கள். புள்ளிவிவர ஆணையத்தின் தலைவர் ஆந்த்ரேயாஸ் யோர்யூவை.

2010 ஆகஸ்டில் பதவிக்கு வந்தவர் அவர். பழைய தாள்களைக் கூட்டிப் பார்த்து, 2009-இன் பற்றாக்குறை 15.4 சதவீதம் என்றார். ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் சரி என்றது. உள்ளூரிலோ, எண்ணை ஊதிப் பெருக்கி நாட்டைக் கடன்காரர்களிடம் காட்டிக்கொடுத்தார் என்று குற்றச்சாட்டு. கடன் வாங்கியது மே மாதம்; மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தது ஆகஸ்டில். இதைக்கூடக் கூட்டிக்கழித்துப் பார்க்க ஆளில்லாத நாட்டில்தான் அவர் கணக்குப் பிள்ளை!

அந்தக் குற்றச்சாட்டு கடைசியில் நிற்கவில்லை. விட்டார்களா? எண்ணை வெளியிடுமுன் ஆணைய உறுப்பினர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தவில்லை என்று 2017-இல் இரண்டு ஆண்டு, நிறுத்திவைத்த தண்டனை. ஐந்தும் ஐந்தும் பத்தா என்று கைதூக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டுமாம். போதாதென்று அவதூறு வழக்கிலும் தோற்றார். பழைய கணக்கைக் குறைசொல்லிப் பேசியது உண்மையாகவே இருக்கட்டும், முந்தைய அதிகாரியின் பெயர் கெட்டதே, கட்டு நட்டஈட்டை என்றது நீதிமன்றம்.

அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2023-இல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. இத்தனைக்கும் அவருடைய கணக்கை எந்த அரசும் தூக்கி எறியவில்லை. வலதுசாரி வந்தது, இடதுசாரி வந்தது, மறுபடி வலதுசாரி வந்தது. குற்றவாளி போட்ட கணக்கையே பிரஸ்ஸல்ஸில் காட்டிப் பணம் வாங்கின.