பழவண்டி இலக்கணம்: டிரக்கும் அதன் முதுகில் ஏறிய வீடும்

பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் ஏற்றி உட்காரவைக்கிற சிறு வீட்டை அமெரிக்காவில் டிரக் கேம்பர் என்கிறார்கள். ஓட்டுநரின் தலைக்கு மேலே நீண்டு நிற்கும் மாடத்தில் படுக்கை, உள்ளே கேஸ் அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி, கொடுத்துவைத்தவர்களுக்குக் கழிப்பறை. இதைப் புதிதாக வாங்குகிறவர்களைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. பணம் இருந்தது, கொடுத்தார்கள், ஓட்டிப்போனார்கள். ஆய்வுக்கு உரியவர் பழையதை வாங்குகிறவர்தான். ஒருவர் தலைமுழுக நினைக்கிற வண்டியையும் அதே ஒருவர் தலைமுழுக நினைக்கிற வீட்டையும் ஒரே கையெழுத்தில் வாங்கிக்கொண்டு, லாபம் லாபம் என்று பூரிக்கிறாரே, அந்த மனநிலையை முறைப்படி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் நூல்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜான் ஸ்டைன்பெக் 1960இல் ஒரு ஜி.எம்.சி. பிக்கப்பின் மேல் கேம்பர் ஏற்றி, அதற்கு தோன் கிஹோத்தேயின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரைச் சூட்டி, சார்லி என்ற நாயோடு நாட்டைச் சுற்றிவந்தார். பயண நூல் 1962இல் வந்தது. நோபல் பரிசும் அதே ஆண்டு வந்தது. வண்டி கலிபோர்னியாவில் சலீனாஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எல்லாம் சரி, ஆனால் மனிதர் வண்டியைப் புதிதாக வாங்கினார். ஆகவே அவருடைய சாட்சியத்தை இந்த ஆய்வில் ஏற்பதற்கில்லை.

இரண்டாமவர் ஜார்ஜ் அக்கர்லோஃப் என்ற பொருளியலார். பழைய கார்ச் சந்தை பற்றி 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வண்டியின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியாதவர் எந்த வண்டிக்கும் சராசரி விலைதான் சொல்வார். சராசரி விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்கமாட்டார், வீட்டுக்குப் போய்விடுவார். சந்தையில் மிஞ்சுவது சொத்தை. இதைச் சொன்ன கட்டுரையை, விஷயம் அற்பமானது என்று இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 2001இல் அவருக்கும் வேறு இருவருக்குமாக நோபல் பரிசு கிடைத்தது. நாமும் அற்பமான விஷயத்தைத்தான் எடுத்திருக்கிறோம் என்பதைப் பரிசுக் குழுவினர் குறித்துக்கொள்வார்களாக.

ஆய்வுமுறைக்கு வெளியே தேடி அலையவேண்டியதில்லை. எழுத்து, சொல், பொருள் என்று தொல்காப்பியர் வகுத்துக் கொடுத்த மூன்று அதிகாரம் பழவண்டிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

முதலில் எழுத்து. தமிழுக்கு எழுத்து முப்பது, வண்டிக்கு 17. 1981ஆம் ஆண்டு மாடல் முதற்கொண்டு அமெரிக்க வண்டி ஒவ்வொன்றுக்கும் 17 இடம் கொண்ட அடையாள எண் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுநர் பக்கம், டாஷ்போர்டின் மேல் பார்க்கலாம். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் மயங்கும் என்பதால் ஐ, ஓ, கியூ மூன்றுக்கும் இதில் இடமில்லை. பத்தாவது இடம் மாடல் ஆண்டைச் சொல்லும். அங்கே 5 இருந்தால் 2005. உரிமைப் பத்திரத்திலும் இதே 17 இருக்கவேண்டும். 16 பொருந்துகிறது என்று திருப்திப்படுவது ஜாதகத்தில் செல்லும், இங்கே செல்லாது. அது வேறு வண்டி.

டயருக்கும் எழுத்து உண்டு. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியில், கடைசி நான்கு இலக்கம் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2312 என்றால் 2012இன் 23ஆம் வாரம். கேம்பர் சுமக்கிற டிரக்கின் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, நின்று சாகிறது. பட்டன் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும், ரப்பர் வெடித்திருக்கும். பட்டனைக் காட்டி விலை பேசுகிறவரிடம் குனிந்து இலக்கத்தைப் படித்துக் காட்டினால் பேச்சின் சுருதி மாறுவதைக் கவனிக்கலாம்.

கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். எழுத்ததிகாரத்தில் அதிகம் பேர் படிக்காமல் விடும் பகுதி இது. கேம்பர் விற்பனைத் தாளில் போட்டிருப்பதோ வெற்று எடை. அதில் தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, பேட்டரி இல்லை, பாய் தலையணை இல்லை, மனிதரும் இல்லை. 30 கேலன் தண்ணீர் மட்டுமே 250 பவுண்டு. அரிசி மூட்டை, பிரஷர் குக்கர், இட்லிப் பாத்திரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட அமெரிக்க நூல் இல்லை. ஆகவே தமிழ்க் குடும்பங்கள் இதைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனிச் சொல். விளம்பரத்தில் வருவன எல்லாம் சொல்லதிகாரத்தின்பாற்படும். இவற்றுக்கு உரை இல்லாமல் பொருள் விளங்காது.

'கடைசியாக நிறுத்தும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.' உலகில் எந்த வண்டியும் நிற்பதற்கு முன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டைட்டானிக் கப்பலைப் பற்றியும் இதைப் பொய்யில்லாமல் சொல்லலாம். எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பவை வருவித்துரைக்கப்பட வேண்டியவை.

'சின்ன வேலைதான், ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம்.' அந்த ஒரு மணி நேரம் விற்கிறவருக்கு மூன்று வருஷமாகக் கிடைக்கவில்லை என்பது உரையாசிரியர் கருத்து.

'கொஞ்சம் அன்பு காட்டினால் போதும்.' அன்பு என்பது இங்கே ஆகுபெயர், டாலரைக் குறித்தது.

'கூரை இப்போது ஒழுகவில்லை.' இதில் 'இப்போது' என்ற சொல்லை நீக்கிச் சொல்லும்படி விற்கிறவரைக் கேட்டுப்பார்க்க வேண்டும். அரிசோனாவில் ஜூன் மாதம் எந்தக் கூரையும் ஒழுகாது. கூரையே இல்லாவிட்டாலும் ஒழுகாது.

சொல்லாமல் விட்டவற்றையும் சொல்லாகவே கொள்ளவேண்டும். எட்டுப் படம் போட்டு எட்டும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்திருந்தால், மறுபக்கம் ஒன்று இருக்கிறது என்று அறிக. ஜூலை மாத விளம்பரத்தில் வண்டியின் மேல் பனி கிடந்தால், முதலில் விற்க நினைத்தது அந்தக் குளிர்காலத்தில். அன்றிலிருந்து வந்து பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பது குறிப்பு.

பொருளதிகாரம் அகம், புறம் என இரண்டு. புறம் டிரக், அகம் கேம்பர். புறம் மைலால் மூப்படையும், அகம் ஆண்டால் மூப்படையும். டிரக் ஓடித் தேய்கிறது, கேம்பர் நின்று கெடுகிறது. இரண்டையும் சேர்த்து விற்கிறவர் எந்தக் கணக்குச் சிறியதோ அதை மட்டும் சொல்வார். 'ஓடியது 60,000 மைல்தான்' என்று அவர் சொல்லும்போது கேம்பரின் வயதைக் கேட்கவேண்டும். 'கேம்பர் போன வருஷம் போட்டது' என்றால் குனிந்து டிரக்கின் அடியைப் பார்க்கவேண்டும். இந்த ஒரு விதி பிடிபட்டால் மற்ற விதிகளை மறந்தாலும் பாதகமில்லை.

எங்கே வாழ்ந்த வண்டி என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் ஐந்திணை உதவிக்கு வருகிறது. நிலத்துக்கொரு கேடு, கேட்டுக்கொரு உரிப்பொருள்.

கொலராடோ மலைகளில் வளர்ந்த வண்டி குறிஞ்சி. சுமையோடு ஏறி ஏறி கியர்பாக்ஸ் எண்ணெய் கருகியிருக்கும். தானியங்கி கியருக்கான எண்ணெய் சிவந்திருந்தால் சுகம். பழுப்பாகித் தீய்ந்த வாடை அடித்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போகலாம். குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட் போனால் கூலன்ட்டும் ஆயிலும் புணர்கின்றன. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் காபி.

ஆரிகனின் மழைக்காடுகள் முல்லை. தகரம் போலத் தெரியும் கேம்பர் சுவருக்குள் பலவற்றில் மரச்சட்டம் இருக்கிறது. கூரையில் மயிரிழை விரிசல் வழியே இறங்கும் நீர் அந்தச் சட்டத்தை வருஷக்கணக்கில் ஊறவைத்து மக்கச்செய்கிறது. வெளித்தகடு உப்பித் தனியே பிரிகிறது. உரிப்பொருள் இருத்தல், அதாவது மரம் காயும் என்று காத்திருத்தல். காயாது.

அயோவாவின் சோள வயல்கள் மருதம். கேம்பர் களஞ்சியத்துக்குள் நின்றிருக்கும், ஆகவே கூரை நன்றாக இருக்கும். எலிகளுக்கும் அது தெரியும். இழுப்பறையைத் திறந்து அவற்றின் குடித்தனத்தை மனைவி காணும் கணத்தில் மருதத்துக்குரிய ஊடல் தொடங்குகிறது.

நெய்தலுக்கு ஃபுளோரிடாக் கடற்கரை. உப்புக்காற்றில் மின்கம்பி முனைகள் பச்சை பூக்கும். எந்த விளக்கு எரியும், எது எரியாது என்பது அன்றன்றைக்குத் தெரியவரும். உரிப்பொருள் இரங்கல்.

பாலை அரிசோனா. துரு கிடையாது, அடிச்சட்டம் புதிதுபோல் மின்னும். அதை நம்பி வாங்குகிறவர் மேலே பார்க்க மறக்கிறார். வெயிலில் கூரைப் பூச்சு கூரையைப் பிரிகிறது, ஜன்னல் ரப்பர் ஜன்னலைப் பிரிகிறது, டயரின் பட்டன் டயரைப் பிரிகிறது. தொல்காப்பியர் பாலைக்குப் பிரிதலைச் சொன்னது எத்துணைத் தொலைநோக்கு!

மிச்சிகன், ஒகையோ போன்ற வடமாநிலங்கள் இந்த ஐந்திலும் அடங்கா. பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். அது டிரக்கின் அடிச்சட்டத்தை உள்ளிருந்து தின்கிறது. அடியில் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால், சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்க்கவேண்டும். கணீர் என்றால் இரும்பு; சொத்தென்றால் பெயின்ட் மட்டும். அப்படிப்பட்ட வண்டியின் மேல் ஒருவருக்கு வரும் ஆசை பெருந்திணை, அதாவது பொருந்தாக் காமம்.

வாங்குவதற்கு முந்தியது களவு, பிந்தியது கற்பு. களவில் விற்கிறவர் தலைவியின் தாய்போல் விழிப்பாக இருப்பார் என்று எதிர்பார்க்கிறோம். நடப்பில் அவர்தான் தோழி, எப்படியாவது சேர்த்துவைத்துவிடத் துடிப்பவர். நாம் போகுமுன் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார். போனதும் பானெட்டின் மேல் கைவைத்துப் பார்ப்பது பண்பாடு. 1996 முதல் வந்த வண்டிகளில் ஒரு சிறு கருவியைச் செருகி இன்ஜினின் புகார்களைப் படிக்கலாம். புகாரே இல்லை என்று வந்தால் உடனே மகிழக்கூடாது. நேற்று அழித்திருந்தால், சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அதே கருவி காட்டிக்கொடுத்துவிடும். கேம்பருக்குள் கருவி வேண்டாம், மூக்கு போதும். மெத்தையைத் தூக்கி மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுவர் உள்வாங்கும், அல்லது வாங்காது. உள்ளே மல்லிகை வாசனைத் தெளிப்பான் தொங்கினால் அதுவே சாட்சி.

இவ்வளவும் படித்தவர் சொத்தையை வாங்கமாட்டார் என்று எண்ணினால் காதலை அறியாதவர் நாம். தலைக்கு மேலே உள்ள அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துவிட்டார். நட்சத்திரம் பார்த்துக்கொண்டே தூங்கலாம் என்று மனத்துக்குள் முடிவாகிவிட்டது. பிறகு செய்யும் ஆய்வெல்லாம் விலையில் 200 டாலர் குறைப்பதற்கு.

கற்பியல் நீண்டது. கேம்பரை நான்கு ஜாக்கிகளின் மேல் நிறுத்திவிட்டு டிரக்கை உருவிக்கொள்ளலாம், மறுபடி பின்னால் நகர்த்தி அடியில் செருகலாம் என்பது இந்த வகையின் சிறப்பு. இரு பக்கமும் சில அங்குலமே இடம். கணவர் ஓட்ட, மனைவி பின்னால் நின்று சைகை காட்டுவது மரபு. "ஏங்க, லெஃப்ட்ல வாங்க." "யார் லெஃப்ட்? உன்னோடதா, என்னோடதா?" "வண்டியோட லெஃப்ட்." "வண்டி பின்னாடி வருதும்மா!" இந்த உரையாடலுக்கு விடை கண்ட சான்றோர் பின்பக்கக் கேமரா பொருத்திக்கொண்டார்கள். அது ஜாக்கியைக் காட்டும். மனைவியின் முகத்தைக் காட்டாது.

ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு சொல். பழைய கேம்பர்களில் இருப்பது பெரும்பாலும் நெருப்பால் குளிரும் வகை. கேஸ் சுடர் அம்மோனியாக் கரைசலைச் சூடாக்க, அந்தச் சுழற்சியில் உள்ளே குளிர்கிறது. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சார் ஃபோன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் 1922இல் கண்டது. சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தினால் சுழற்சி தடைப்பட்டுக் கெடும். ஐன்ஸ்டீனும் லியோ சிலார்டும் அசையும் பாகமே இல்லாத இன்னொரு ஃபிரிட்ஜுக்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். சார்பியலை முடித்தவருக்கே அடுத்து இந்தத் துறை தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே மண்டியிட்டு பர்னரின் தூசியை ஊதிக்கொண்டிருப்பவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூரைக்கு வருஷம் இருமுறை ஏறவேண்டும். காற்றுத்துளை, ஏரியல், ஓரப்பட்டை என்று துளைபோட்ட இடமெல்லாம் பார்த்து, கூரைக்கென்றே விற்கும் தானே பரவும் பூச்சை ஊற்றவேண்டும். முந்தைய உரிமையாளர் சிலிகான் பூசியிருப்பார். எல்லா முந்தைய உரிமையாளர்களும் பூசுகிறார்கள். சிலிகான்மேல் வேறெதுவும் ஒட்டாது. ஆகவே பராமரிப்பில் பாதி நேரம் அவர் அன்பாகச் செய்ததைச் சுரண்டி எடுப்பதில் கழிகிறது. உறைபனிக்கு முன் குழாய்களில் தண்ணீரை வடித்துவிட்டு இளஞ்சிவப்புத் திரவம் செலுத்துவதும் கடமை. விட்டால் வசந்தத்தில் குழாய் எங்கே வெடித்தது என்று தேடுவது அதைவிடப் பெரிய கடமை.

மருதத்துக்குரிய எலிகள் மட்டும் எந்தத் திணையிலும் வரும். அவற்றை விரட்டும் முறை பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. புதினா எண்ணெய்ப் பஞ்சு வைக்கச் சொல்வார் ஒரு சாரார். துணி உலர்த்தும்போது போடும் வாசனைத் தாள்களைப் பரப்பச் சொல்வார் மற்றொரு சாரார். பரப்பியவர்கள் சிலர், எலிகள் அந்தத் தாளையே கிழித்துக் கூட்டில் மெத்தையாகப் போட்டிருந்ததைக் கண்டார்கள். மூன்றாவது சாரார் வண்டியின் அடியில் படுத்து, குழாயும் கம்பியும் நுழையும் ஓட்டை ஒவ்வொன்றையும் தேடி எஃகுக் கம்பளியால் அடைக்கிறார்கள். இதற்கு எலிகள் தரப்பிலிருந்து இன்னும் மறுப்புரை வரவில்லை.