மேய்க்கால் புறம்போக்கில் ஒரு கவ்பாய்

பஃபலோ, வயோமிங், அமெரிக்கா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

“அங்கெல்லாம் மாடு ரோட்டுக்கே வராதாமே, வெள்ளைக்காரன் ஒழுங்கு ஒழுங்குதான்” என்று எழுதியிருந்தீர்கள். வருகிறது சித்தப்பா, சட்டப்படியே வருகிறது. பிக்ஹார்ன் மலையைப் பார்க்க நான் வந்திருக்கும் இந்த ஊர்ப்பக்கம், வேலியில்லாத மேய்ச்சல் வெளியில் சாலை போனால் அதில் நிற்பது மாட்டின் உரிமை. தன் தோட்டத்துக்குள் மாடு நுழையக் கூடாது என்பவன்தான் சொந்தச் செலவில் வேலி கட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்து மாநிலமான ஐடஹோவில் இப்படிப்பட்ட வெளியில் காரை மாட்டின்மேல் மோதினால், மாட்டுக்கு விலையைக் கார்க்காரரே கட்ட வேண்டிவரும். நம் அம்பத்தூரிலோ மாடு ரோட்டில் பிடிபட்டால் முதல் தடவை 10,000 ரூபாய், மறுதடவை 15,000 என்று 2024-ல் சென்னை மாநகராட்சி தீர்மானம் போட்டது. கண்டிப்பு எந்த ஊரில் கூடுதல் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒழுங்கு என்று இங்கே ஏதாவது இருந்தால் அது மாட்டிடம்தான். சாலை வேலியைக் கடக்கிற இடத்தில் கேட் கிடையாது. பள்ளம் எடுத்து, மேலே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். ‘கேட்டில் கார்டு’, அதாவது மாட்டுக் காவல், என்று பெயர். கார் கடகடவென்று ஓடிவிடும், மாடு கால் சிக்குமே என்று நின்றுவிடும். சில இடங்களில் குழாய்கூட இல்லை, தார் ரோட்டில் வெள்ளைக் கோடுகள் மட்டும். பல மாடுகள் அதற்கும் பயந்து நிற்கின்றனவாம்! சி.டி.எச். ரோட்டில் தண்ணி லாரிக்கே நகராத நம் மாடு கோட்டுக்கா பயப்படும்? அதன்மேல் படுத்து அசைபோடும். சரி, நிஜக் குழாயையே அம்பத்தூர் ஓ.டி.யில் பதிப்போம் என்றால், ராத்திரி பதித்தது விடிவதற்குள் காயலான் கடைத் தராசில் ஏறியிருக்கும். பள்ளம் மட்டும் நிற்கும். அதுவும் கேபிளுக்குத் தோண்டியது என்று ஜனம் சுற்றிப் போகப் பழகிவிடும்.

என் கட்சி என்னவென்றால், விஷயம் மாட்டிலும் இல்லை, மனிதரிலும் இல்லை, நிலத்தில் இருக்கிறது. சினிமா கவ்பாய் யாருக்கும் கைகட்டாதவன். ஆனால் வயோமிங்கில் ஏறக்குறைய பாதி நிலம் மத்திய அரசுடையது. அதில் மேய்க்க 1934-ல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டத்தின் வழியில் அனுமதிச் சீட்டு வாங்குகிறார்கள். 2024-ல் ஒரு பசுவும் கன்றும் மாதம் முழுக்க மேயக் கட்டணம் 1.35 டாலர், நம் பணத்தில் 110 ரூபாய் சொச்சம். தாலுகா ஆபீஸ் பாஷையில் இது மேய்க்கால் புறம்போக்கு. தொப்பியும் பூட்ஸும் அதன்மேல்தான் நிற்கின்றன. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மேய்ச்சல் நிலமெல்லாம் நகர், அவென்யூ, என்கிளேவ் என்று பெயர் வாங்கிவிட்டது. மாடு சுவரொட்டியைத் தின்கிறது, மாட்டுக்காரர் அபராதம் கட்டுகிறார்.

“அங்கே இடம் கிடக்குதுப்பா, ஆள் இல்லை” என்பீர்கள். உண்மைதான். வயோமிங்கில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு நிலத்தில், 2020 கணக்குப்படி 5.77 லட்சம் பேர். அம்பத்தூரும் ஆவடியும் சேர்ந்தே 2011-ல் 8 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் இடம் இருந்தால் மட்டும் போதுமா? 1892-ல் இந்த ஊர் இருக்கும் ஜான்சன் கவுண்டிக்கு, பெரிய பண்ணைக்காரர்கள் டெக்சஸிலிருந்து துப்பாக்கி ஆட்களைத் திரட்டிக்கொண்டு சின்ன மாட்டுக்காரர்களைத் தீர்த்துக்கட்ட வந்தார்கள். குதிரைப்படை வந்துதான் விலக்கியது. அன்றும் இதே பரப்பு, இதே புல். யார் எத்தனை மாடு மேய்க்கலாம் என்கிற கணக்குத்தான் இல்லை.

நம் மாடு பாலுக்கு, அவர்கள் மாடு எதற்கு என்றும் மடக்குவீர்கள். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பாட்டி பக்கத்தில் இருந்தால் இந்த இடத்தைச் சத்தம் போட்டுப் படிக்காதீர்கள். மனிதரைப் போல இரண்டு மடங்கு மாடு இருக்கும் மாநிலத்தில், அநேகமாக அத்தனையும் கறிக்கு. இங்கே கடைப் பாலில் டீ போட்டால் வெந்நீருக்குச் சாயம் பூசின மாதிரி இருக்கிறது. அபராதமும் கட்டிவிட்டு விடியற்காலையில் வாசலுக்கே வந்து பால் ஊற்றுகிறாரே நம் மாட்டுக்காரர், அவர் லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினால் சித்தியைச் சண்டை போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
குமார்